தை மாதக் கல்யாணம்: மேடையும் மாலையும் நம் பக்கத்துப் பூவிலேயே முடியுமா?

பாலக்கோட்டான் | அக்டோபர் 21, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்கு தை 25 முகூர்த்தம் குறித்திருக்கிறோம். ஊர் பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகிற வழியில். முந்தின நாள் சாயங்காலம் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு வரவேற்பு, காலை 6 முதல் 7.30 முகூர்த்தம் ஊர்க் கோயிலில்.

மேடை அலங்காரம் செய்கிறவர் ஒருவர் வந்து போனில் படம் படமாகக் காட்டினார். எல்லாம் வெள்ளையும் வெளிர் நீலமும்தான். ஹைட்ரேஞ்சியா, பேபீஸ் பிரெத் என்கிற பொடிப்பொடி வெள்ளைப் பூ, பெயர் வாயில் நுழையாத ஏதோ ஓர் இலை. அவர் சொன்ன தொகையில் பாதிக்கு மேல் பூவுக்கே போகிறது, அதிலும் பாதி துணிப்பூ என்பதை நாங்கள் தோண்டித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார். தங்கை ஒரே பிடியாக நிற்கிறாள்: அந்த மாதம் நம் பக்கம் என்ன பூக்கிறதோ அது போதும், ரோஜாவுக்கு ஊதாச் சாயம் ஏற்றி வைக்க வேண்டாம் என்கிறாள். எனக்கும் அது பிடித்திருக்கிறது, ஆனால் தையில் என்ன பூக்கும் என்று எனக்குத் தெரியாது, தக்காளிதான் தெரியும்.

கிணற்றோரம் 10 சென்ட் தக்காளி எடுத்துவிட்டுச் சும்மா கிடக்கிறது. எதை விதைக்கலாம், எதை வாங்க வேண்டும், எதை மறந்துவிட வேண்டும்? அம்மாவுக்கு ஒரே கேள்விதான், மல்லிக்கு என்ன செய்யப் போகிறாய் என்று.

ராயக்கோட்டை_மண்டி | அக்டோபர் 21, இரவு 10.05

தம்பி, நல்ல சமயத்தில் கேட்டீர்கள். கார்த்திகை பிறந்து கேட்டிருந்தால் விதைக்கிற பேச்சுக்கே இடமில்லை.

அம்மாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தையில் குண்டுமல்லியை நம்பாதீர்கள். அதற்கு வெயில் வேண்டும், பங்குனியில் தொடங்கி ஆனி வரைக்கும்தான் அதன் காலம். குளிர் இறங்கியதும் மொட்டு சிறுத்து வரத்தும் விழுந்துவிடும், அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் தோட்டக்காரர்கள் கவாத்தும் செய்கிறார்கள், அதனால் செடி மொட்டையாக நிற்கும். மிச்சம் மீதி வருகிற பூவுக்கு தை முகூர்த்தத்தில் கிலோ ஆயிரக்கணக்கில் விலை போகும். பொங்கல், தைப்பூசம், வளர்பிறை முகூர்த்தம் எல்லாம் ஒரே மாதத்தில் வருவதால் அந்த விலை இறங்குவதற்கு நேரமே கிடைக்காது. பெண்ணின் தலைக்கு மட்டும் கொஞ்சம் சொல்லி வையுங்கள், மேடைப் பக்கம் மல்லியைக் கொண்டு போகாதீர்கள்.

தைக்கு உரிய பூ சாமந்தி. பகல் குறுகினால்தான் அது மொட்டு வைக்கும், அதனால் ஐப்பசியிலிருந்து தை வரை அதன் ராஜ்ஜியம். எங்கள் பக்கம் ராத்திரியில் வரும்போது சில தோட்டங்களில் வரிசையாக பல்பு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியூர்க்காரர்கள் ஏதோ திருவிழா என்று நினைத்துக்கொள்வார்கள். இரவில் வெளிச்சம் காட்டினால் செடி இன்னும் பகல் நீளமாகத்தான் இருக்கிறது என்று நினைத்து மொட்டு வைக்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும், விளக்கை நிறுத்தியதும் மொட்டு கட்டும். எந்த முகூர்த்தத்துக்குப் பூ வேண்டுமோ அதற்குத் தகுந்தபடி விளக்கை நிறுத்துகிறார்கள். இனிமேல் நீங்கள் சாமந்தி நட்டுப் பூப் பார்க்க முடியாது, அதை வாங்கத்தான் வேண்டும். மஞ்சளும் வெள்ளையும் தைக் கடைசி வரை தாராளமாக வரும்.

விதைக்க வேண்டியது செண்டுமல்லி. விதை போட்டு ஒரு மாதத்தில் நாற்று, நட்டு இரண்டு மாதத்தில் பூ. மார்கழிக் குளிரில் கொஞ்சம் சோம்பும், அதற்கும் சேர்த்துப் பத்து நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசியைத் தாண்ட வேண்டாம். உங்கள் நிலம் தக்காளி நிலம் என்பது இன்னும் நல்லது, தக்காளிக்குள் காய்ப்புழுவை இழுக்க செண்டுமல்லி வரிசை போடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய, அந்தப் பழக்கம் உங்களுக்கும் இருக்கும்.

மேடைக்காரன்_தர்மபுரி | அக்டோபர் 21, இரவு 11.20

நான் இந்தத் தொழிலில் இருக்கிறவன், அதனால் கொஞ்சம் கசப்பாகத்தான் பேசுவேன். பூ வளர்ப்பது பெரிய காரியமில்லை. வரவேற்பு நாள் விடியற்காலை யார் பறிப்பது? வீட்டில் ஒருவருக்கும் கை சும்மா இருக்காது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குவார்கள், சமையல்காரர் விறகு கேட்பார், உங்கள் அம்மா பட்டுப்புடவை தேடிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் 30 கிலோ பூவைப் பறித்து, கோத்து, மேடையில் கட்ட வேண்டும். சொந்தப் பூ என்று ஆசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் மதியம் 2 மணிக்கு எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு.

படம் காட்டுகிறோம் என்று திட்டுகிறீர்கள், படம் காட்டாவிட்டால் எவரும் முன்பணம் தருவதில்லை. ஹைட்ரேஞ்சியா ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துக் குளிருக்கு வளர்கிற செடி. இங்கே பந்தலில் போக்கஸ் லைட் சூட்டில் தண்ணீர் இல்லாமல் வைத்தால் சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் தொங்கிவிடும். அது தெரிந்ததால்தான் துணிப்பூ வைக்கிறோம்.

பாலக்கோட்டான் | அக்டோபர் 22, காலை 6.40

அண்ணா, கசப்பாக இருந்தாலும் சரியான கேள்வி. தக்காளி பறிக்க வருகிற அக்காக்கள் ஆறேழு பேர் இருக்கிறார்கள், அவர்களிடமே முன்கூட்டிச் சொல்லி, கல்யாணக் கூலி என்று கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் வருவார்கள். கோக்கிறவர்கள்தான் தெரியவில்லை.

பென்னாகரம்_பொன்னி | அக்டோபர் 22, காலை 8.15

எனக்கு இந்த இழை ரொம்பப் பிடித்துவிட்டது. நான் பள்ளி முடிந்து வந்து வீட்டைச் சுற்றித் தோட்டம் போடுகிறவள், வியாபாரம் கிடையாது. அதனால் மண்டிக்கு வராத பூவைப் பற்றித்தான் சொல்வேன்.

பேபீஸ் பிரெத் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் தை மாதம் நம் கரட்டோரம் ஒரு தடவை நடந்து பார்க்கலாம். பொங்கலுக்குக் காப்பு கட்டுகிற பூளைப்பூ, சிறுபீளை என்று புத்தகத்தில் இருக்கும், அது வெள்ளை வெள்ளையாகக் கதிர் விட்டு நிற்கும். தண்ணீரே வேண்டாம், பறித்து நிழலில் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். மஞ்சள் சாமந்திக்கு நடுநடுவே இதைச் செருகினால் அந்த மஞ்சளின் கனம் குறைந்து மேடை லேசாகத் தெரியும். போகிக்குப் பிறகு தெருவில் இறைந்து கிடப்பதை எடுக்காதீர்கள், தூசியாக இருக்கும். கொல்லையில் நிற்பதை நீளக் காம்போடு அறுங்கள்.

இன்னொன்று, கதிர்கள். நம் மாவட்டத்தில் கேழ்வரகும் சாமையும் இல்லாத ஊர் எது? மார்கழி, தையில் ராகி அறுப்பு நடக்கும். விரல் மடக்கின மாதிரி இருக்கும் அந்தக் கதிரை ஒரு முழக் காம்போடு நூறு நூற்றைம்பது வாங்கிக் கற்றையாகக் கட்டினால், அந்தப் பழுப்பு நிறத்தை எந்தப் பூவாலும் கொடுக்க முடியாது. தினைக்கதிர் கிடைத்தால் அது வளைந்து தொங்கும், ஓரங்களுக்கு அது. சோளக்கதிரை நிற்க வைக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். கல்யாணம் முடிந்ததும் கோழிக்குப் போட்டுவிடலாம்.

விதைப்பதற்கு: காஸ்மாஸ் (ஆரஞ்சு, மஞ்சள்), ஜினியா, கோழிக்கொண்டை, வாடாமல்லி. வாடாமல்லி முளைக்கவே நாளாகும், உடனே போடுங்கள் அல்லது நாற்றங்காலில் வாங்குங்கள். காஸ்மாஸுக்கு அவசரமே இல்லை, நவம்பர் கடைசியில் போட்டாலும் இந்தக் குறும்பகலுக்கு ஓடி வந்து பூத்துவிடும். ஜினியா பற்றி ஒரு விஷயம். பார்க்க மலர்ந்த மாதிரி இருக்கும், வெட்டி வைத்தால் அரை மணியில் கழுத்து மடிந்துவிடும். பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். தலை தனியாக ஆடினால் இன்னும் பிஞ்சு, விட்டுவிடுங்கள். காம்பும் தலையும் ஒன்றாக விறைப்பாக ஆடினால் வெட்டலாம், தண்ணீரில் வாரம் நிற்கும். தைப்பனியில் அதன் இலையில் வெள்ளைப் பூசணம் படரும், கவலைப்படாதீர்கள், எப்படியும் இலையை உருவிவிட்டுத்தான் வைக்கப் போகிறீர்கள்.

மல்லி_அத்தை | அக்டோபர் 22, மதியம் 1.30

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். மல்லி எங்கள் ஊர்ச் சொத்து, ஆனாலும் மண்டிக்காரர் சொன்னதுதான் உண்மை, தையில் அதற்கு ஆசைப்படக் கூடாது. உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள் கண்ணு, தலைக்கு வெறும் மல்லிதான் அழகு என்று சொன்னவர் யார்? குளிர்காலத்தில் காக்கட்டான் கிடைக்கும், அதுவும் மல்லி இனத்து வெள்ளைப் பூதான். அதோடு கனகாம்பரம், நடுவில் மரிக்கொழுந்து வைத்து நெருக்கமாகக் கதம்பம் கட்டினால், பெண் திரும்பி நின்றால் ஜனம் அதைத்தான் பார்க்கும். காக்கட்டானுக்கு மல்லி அளவு வாசம் கிடையாது, கனகாம்பரத்துக்கு வாசமே கிடையாது, அந்தக் குறையை மரிக்கொழுந்து தீர்த்துவிடும். மரிக்கொழுந்து குளிருக்குத்தான் நன்றாக வரும், ஓசூர் பக்கம் போடுகிறார்கள், தையில் தளதளவென்று இருக்கும்.

மாலைக்கு சம்பங்கி எடுங்கள். குளிரில் சம்பங்கி வரத்தும் கொஞ்சம் குறையும், மல்லி மாதிரி அறவே நிற்காது. பிரஜ்வல் ரகம் மொட்டு நுனி லேசாக ரோஸ் நிறம் அடிக்கும், பூ பெரிது, மாலைக்கு எடுப்பாக இருக்கும். அதற்கு இடையிடையே பட்டன் ரோஜா. ஒரு மாலைக்கு இவ்வளவு போதும். ஆள் உயரத்துக்கு, கழுத்து தாங்காத கனத்துக்கு மாலை கட்டி, பெண்ணும் மாப்பிள்ளையும் குனிந்தபடியே போட்டோவில் நிற்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கோக்கிறதைப் பற்றிக் கேட்டீர்கள். செண்டுமல்லியை ஊசியில் கோக்க யாராலும் முடியும், அதற்குப் பழக்கம் வேண்டாம், குழந்தைகளை உட்கார வையுங்கள். மல்லி, காக்கட்டான், கனகாம்பரத்தை நாரில் விரல் போட்டுக் கட்டத்தான் கை வேண்டும். அதை எங்கள் ஊரிலேயே கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். நாரை ஈரப்படுத்தி, கட்டின சரத்தை வாழை இலையில் சுற்றி, மேலே ஈரத்துணி. பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டால் உள்ளே வெந்துவிடும்.

செண்டுமல்லியைத் தலையில் வைக்க மாட்டோம், அது பந்தலுக்கும் சாமிக்கும்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், சில வீடுகளில் மணமேடைக்கே வேண்டாம் என்பார்கள்.

ஓசூர்_பசுமைக்குடில் | அக்டோபர் 22, இரவு 9.50

ரோஜாவைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்தேன். நான் தளி ரோட்டில் ஒரு குடிலில் வேலை செய்கிறேன். தை 25 என்றால் பிப்ரவரி 8 வாக்கில் வருகிறது. அந்த வாரத்தில் ஓசூரில் சிவப்பு ரோஜாவைக் கேட்காதீர்கள். பிப்ரவரி 14க்குத்தான் இங்கே வருஷமே ஓடுகிறது. அந்த நாளுக்குப் பூ வருகிற மாதிரி டிசம்பரிலேயே கணக்குப் போட்டுக் கவாத்து செய்து விடுவோம், தாஜ்மஹால் ரகம் முழுக்க வெளிநாட்டுக்கும் பெரிய ஊர்களுக்கும் பெட்டி கட்டப்படும். விலை உங்களுக்குக் கட்டாது.

ஆனால் நீளக் காம்புதான் ஏற்றுமதிக்குப் போகும். காம்பு குட்டையானது, லேசாக வளைந்தது எல்லாம் உள்ளூர் வியாபாரிக்குத்தான். மேடையில் நெருக்கமாகச் செருகுகிறவர்களுக்குக் காம்பு நீளம் எதற்கு? மஞ்சள், ரோஸ், இரட்டை நிறத்தில் குட்டைக்காம்பு கேட்டு வாங்குங்கள், அந்த வாரமும் தாங்கும் விலையில் கிடைக்கும். ஜெர்பரா எடுத்தால் பக்கெட்டில் நான்கு விரல் தண்ணீர் போதும், காம்பில் பூனைமயிர் இருப்பதால் ஆழமான தண்ணீரில் அழுகும். கார்னேஷன் சொன்ன பேச்சு கேட்கும் பூ, அதைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

பென்னாகரம்_பொன்னி | அக்டோபர் 22, இரவு 10.20

குடில் பூ எப்படி அந்த மாதத்துப் பூ ஆகும்? பாலித்தீன் கூரைக்குக் கீழே வருஷம் முழுக்கப் பூக்கிறதுதானே அது. மருந்தடிப்பும் அதிகம். தங்கை கேட்டது வேறு என்று நினைக்கிறேன்.

ஓசூர்_பசுமைக்குடில் | அக்டோபர் 22, இரவு 10.41

அக்கா, மருந்து பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன், அந்தப் பூவின் இதழைச் சாப்பாட்டில் தூவக் கூடாது என்று நானே சொல்லுவேன். ஆனால் ஓசூரில் ரோஜா வந்ததற்குக் காரணம் கூரை மட்டும் கிடையாது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர், ராத்திரிக் குளிர், பகலில் மிதமான வெயில், பக்கத்திலேயே பெங்களூரு விமான நிலையம். அமுதகொண்டபள்ளியில் டான்ஃப்ளோரா என்ற பூ ஏற்றுமதிப் பூங்கா வந்ததும் இதனால்தான். பாலக்கோட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்து எடுத்துப் போகிற பூ எனக்கு உள்ளூர்ப் பூதான். ஹாலந்து துலிப்பையா கேட்கிறார்?

பென்னாகரம்_பொன்னி | அக்டோபர் 22, இரவு 10.58

சரி, உள்ளூர் என்று ஒத்துக்கொள்கிறேன். பருவம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். :)

மாந்தோப்பு_போச்சம்பள்ளி | அக்டோபர் 23, காலை 7.05

பூவைப் பற்றியே பேசுகிறீர்கள், இலைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? மேடையில் பாதிக்கு மேல் இலைதான் தெரிய வேண்டும், அப்போதுதான் பூ குறைவாகவும் ஆகும், பார்க்கவும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

ஒரு வேண்டுகோள். கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க மாந்தோப்பு இருக்கிறது, மாவிலைக்கு என்ன பஞ்சம் என்று தை மாதம் கத்தியோடு கிளம்பி விடாதீர்கள். அப்போதுதான் மரம் பூவெடுத்து நிற்கும். ஒரு கிளையை ஒடித்தால் வைகாசியில் பெங்களூராவோ அல்போன்சாவோ எத்தனை காய் போச்சு என்று தோப்புக்காரன்தான் எண்ணிக்கொண்டிருப்பான். தோப்புக்காரரிடமே கேளுங்கள், உள்பக்கம் நிழலில் பூ வராமல் நிற்கிற போத்துக் கிளைகளை அவரே காட்டுவார், அதை எடுப்பது மரத்துக்கும் நல்லது. செம்பு நிறத்தில் இருக்கிற கொழுந்து அழகாகத்தான் இருக்கும், ஒரு மணி நேரத்தில் சுருண்டு தொங்கிவிடும். முற்றின கரும்பச்சை இலையைத் தோரணத்துக்கு எடுங்கள்.

தென்னையில் குருத்தோலை கேட்பார்கள். அந்த வெளிர்மஞ்சளுக்கு ஈடில்லைதான், பின்னத் தெரிந்த ஆள் கையில் அது கிளியாகும், பட்டாம்பூச்சியாகும். ஆனால் காய்க்கிற மரத்தில் குருத்தை அடியோடு வெட்ட யாரையும் விடாதீர்கள், மரம் தளர்ந்துவிடும். எப்படியும் வெட்டிச் சாய்க்கப் போகிற மரம் இருந்தால் அதில் எடுங்கள். பின்னல் வேலைக்கு ஈச்ச ஓலையும் பனை ஓலையும் நம் காட்டிலேயே கிடைக்கும், அவை அவ்வளவு சீக்கிரம் வாடுவதும் இல்லை.

வாசலில் வாழைமரம் குலையோடு, அதற்கு மேலே பாக்குக் குலை, ஈச்சங்குலை, இளநீர்க் குலை என்று நம் தாத்தா காலத்தில் கட்டினதையே திரும்பக் கட்டினால் தனியாக நுழைவாயில் அலங்காரம் எதுவும் வேண்டாம். அதற்கு முப்பதாயிரம் நாற்பதாயிரம் என்று இப்போது வாங்குகிறார்கள்.

மேடைக்காரன்_தர்மபுரி | அக்டோபர் 23, காலை 9.30

முப்பதாயிரம் வாங்குவது எவரோ, நான் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எல்லாம் சேர்ந்து இந்தப் பையனை இழுத்துவிட்டீர்கள், இனி உருப்படியாக நடக்க வழி சொல்கிறேன். மேடையில் பச்சை நிறத்தில் ஒரு நுரைக்கட்டி வைத்துப் பூச் செருகுவோம், அது ஒரு வகைப் பிளாஸ்டிக். கல்யாணம் முடிந்ததும் குப்பையில் போனால் மக்காது. உங்களுக்கு அது வேண்டாம். வாழைத்தண்டை ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டி, சைக்கிள் போக்ஸ் கம்பியால் சாய்வாக ஓட்டை போட்டு அதில் பூக்காம்பைச் செருகுங்கள். தண்டுக்குள்ளேயே தண்ணீர் இருப்பதால் மறுநாள் முகூர்த்தம் முடிகிற வரை சாமந்தி, ரோஜா எல்லாம் அசையாமல் நிற்கும். சணல் கயிற்றில் கட்டி மூங்கில் சட்டத்தில் தொங்கவும் விடலாம். ஆனால் வெட்டின உடனே ஏற்றாதீர்கள், சாறு சொட்டும். வாழைக்கறை பட்டுப்புடவையில் பட்டால் எந்தச் சலவைக்காரராலும் எடுக்க முடியாது. வரவேற்புக்கு முந்தின நாள் ராத்திரியே வெட்டிச் சாய்த்து வைத்து வடியவிட்டு, அடியில் வாழைமட்டையால் இன்னொரு சுற்று சுற்றுங்கள். பெண் உட்காருகிற நாற்காலிக்கு நேர் மேலே மட்டும் எதுவும் தொங்க வேண்டாம்.

பெரிய ஜாடி வைக்கிற இடத்தில், மண்பானையின் வாய்க்குக் கோழிவலையைப் பந்தாகச் சுருட்டிப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் போதும், கதிரும் காஸ்மாஸும் அதில் நிற்கும்.

நேரம்தான் எல்லாம். காம்போடு வைக்கிற பூவை வரவேற்புக்கு முந்தின நாள் வெயில் இறங்கின பிறகு வெட்டுங்கள், பக்கெட்டைத் தோட்டத்துக்கே கொண்டு போய் வெட்டின கையோடு தண்ணீரில் போடுங்கள், கீழ் இலைகளை உருவுங்கள், இரவு முழுக்க நிழலில், காற்றில்லாத அறையில் குடிக்க விடுங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, நாலு சொட்டு பிளீச்சிங் திரவம். சர்க்கரை பூவுக்கு, மற்ற இரண்டும் தண்ணீர் கெட்டுப் போகாமல் இருக்க. கோக்கிற செண்டுமல்லியை மட்டும் வரவேற்பு நாள் காலையில், பனி உலர்ந்த பிறகு பறியுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் நடுவில் கறுத்து அழுகும். மேலே தண்ணீர் தெளிக்கிற பழக்கமும் வேண்டாம், அந்தப் பூ இதழுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பாலக்கோட்டான் | அக்டோபர் 23, இரவு 8.45

அண்ணா, உங்கள் பேரில் இருந்த பயமெல்லாம் போய்விட்டது. உங்களுக்கே வேலையைக் கொடுத்துவிடலாமா என்று அப்பா கேட்கிறார். பூவும் இலையும் எங்களுடையது, சட்டமும் கட்டுகிற கையும் உங்களுடையது. இப்படி ஒப்புக்கொள்வீர்களா?

செண்டுமல்லி எத்தனை சென்ட் போடுவது? வேலியோரம் அரளி நிறைய நிற்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளலாமா?

ராயக்கோட்டை_மண்டி | அக்டோபர் 23, இரவு 9.20

கைக்கணக்காகச் சொல்கிறேன். ஒரு சென்ட்டில் 150 செடி வரை நிற்கும். நன்றாகப் பூக்கிற சமயத்தில் ஒரு பறிப்புக்கு சென்ட்டுக்கு நாலைந்து கிலோ பார்க்கலாம். மொத்தச் செடியையும் ஒரே நாளில் மொட்டையடிக்க முடியாது, அன்றைக்கு விரிந்தது மட்டும்தான் வரும், இதை மறந்துவிட்டுத்தான் எல்லோரும் கணக்கில் இடறுகிறார்கள். 30 கிலோ வேண்டுமென்றால் ஏழு சென்ட். பாதியை நாளைக்கேயும் மீதியை அக்டோபர் கடைசியிலும் விதையுங்கள், ஐப்பசி மழை ஒரு விதைப்பை அழித்தாலும் இன்னொன்று நிற்கும். நாற்றங்காலை மேட்டுப்பாத்தியில் போட்டு மழைக்கு மேலே ஏதாவது மூடுங்கள். நட்டு ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக்கிளை வெடித்துப் பூ கூடும். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் ஒரு பறிப்புப் பறித்து மண்டிக்கு அனுப்பிவிடுங்கள், அப்போதுதான் வேண்டிய நாளில் புதுப் பூவாக நிற்கும். அந்தப் பறிப்புக் காசில் நாற்றுச் செலவு வந்துவிடும். மிச்சம் மூன்று சென்ட்டை பொன்னி அம்மாவின் பூக்களுக்கு விடுங்கள்.

மல்லி_அத்தை | அக்டோபர் 23, இரவு 9.48

அரளி சாமிக்கு மட்டும் போகட்டும் கண்ணு. அது விஷச்செடி, இலை, பூ, காம்பு எல்லாமே. பந்தி நடக்கிற இடத்தில் இலை ஓரமாக அரளி வைப்பதை நான் ஒரு கல்யாணத்தில் பார்த்து எடுக்கச் சொன்னேன், குழந்தைகள் வாயில் வைத்துவிட்டால் யார் பொறுப்பு? வரவேற்பு வாசலில் உயரத்தில் கட்டினால் சரி, அதற்குக் கீழே ஒருபோதும் வேண்டாம். வெட்டின கையைக் கழுவச் சொல்லுங்கள்.

மேடைக்காரன்_தர்மபுரி | அக்டோபர் 23, இரவு 10.30

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. பூவுக்குக் காசு வாங்க மாட்டேன், கட்டுக்கூலியும் சட்டமும் மட்டும். இரண்டு நிபந்தனை. ஒன்று, ராகிக்கதிர், பூளைப்பூ இரண்டையும் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே என் ஷெட்டில் இறக்கிவிட வேண்டும், அவை காய்ந்த பூ என்பதால் பின்புறத் தட்டியை நான் நிதானமாக முன்கூட்டியே கட்டிவிடுவேன். கடைசி நாளில் பச்சைப் பூவை மட்டும் செருகினால் வேலை பாதி. இரண்டு, சாமந்திக்கு ராயக்கோட்டை அண்ணனிடம் மஞ்சள் 15 கிலோ, வெள்ளை 10 கிலோ இப்போதே சொல்லி வையுங்கள். உங்கள் செண்டுமல்லி ஏமாற்றினாலும் மேடை வெறுமையாக நிற்காது.

கோயில் முகூர்த்தத்துக்குத் தனியாக ஒன்றும் கட்ட வேண்டாம். வரவேற்பு மேடையிலிருந்து மண்பானைகளை மட்டும் அதிகாலையில் வண்டியில் ஏற்றிக் கொண்டு போய் மணவறையின் நாலு மூலையிலும் வைத்துவிடலாம்.

பென்னாகரம்_பொன்னி | அக்டோபர் 24, காலை 6.55

வாடாமல்லி, கோழிக்கொண்டை விதை என்னிடம் போன வருஷத்தது இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் வருவேன், யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள். காஸ்மாஸ் விதையும் ஒரு பொட்டலம் போடுகிறேன். காசு வேண்டாம், கல்யாணம் முடிந்ததும் முற்றின தலைகளை உலர்த்தி விதையாகத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

பாலக்கோட்டான் | அக்டோபர் 24, காலை 7.30

அக்கா, நானே வருகிறேன். அம்மாவுக்குக் கதம்பம் பற்றிப் படித்துக் காட்டினேன். "காக்கட்டான் சரி, ஆனால் நடுவில் ஒரு முழமாவது மல்லி இருக்க வேண்டும்" என்கிறார். அத்தை, அந்த ஒரு முழத்துக்கு உங்களிடமே சொல்லி வைக்கிறேன், விலை என்னவோ அது.

மல்லி_அத்தை | அக்டோபர் 24, காலை 8.10

ஒரு முழம் தானே, அதற்கு விலை பேச வேண்டாம். பூ வந்தால் உண்டு, பனி அதிகமாக இருந்தால் இல்லை. முந்தின நாள் காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள், பூ இறங்கியதா என்று அப்போதுதான் எனக்கே தெரியும்.